றுஸ்தா டீச்சரின் தங்கத் துகள்

றுஸ்தாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கல்முனையில் பதினெட்டு வருடமாக அவளிடம் பௌதிகம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிழையான விடையைக்கூடப் பொறுப்பாள், புளுகைப் பொறுக்க மாட்டாள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சந்தைக்குப் போனாள். கையில் அவளுடைய அண்ணன் மர்சூக் காக்காவின் போத்தல். அதில் ஒட்டியிருந்தது: 'நனோ தங்கத் துளி. நாற்பது நாள் குடிக்கவும். அதுவரை கத்தி படக்கூடாது.' மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற மர்சூக்குக்கு மூளையில் கட்டி. ஒப்பரேசன் திங்கட்கிழமை. நாற்பது நாள் முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று படுத்துவிட்டான்.

அதை விற்ற கடைக்காரனின் மேசையில் போத்தலை அடித்து வைத்தாள்.

"இதுக்குள்ள என்ன இரிக்கி?"

அவன் பதறவில்லை. போனை எடுத்து ஒரு குரல் பதிவை அமத்தினான். றுஸ்தாவின் குரலே கேட்டது.

"அழாதீங்க உம்மா. இப்ப தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கி ஊசியில ஏத்துறாங்க. அது கட்டியத் தேடிப் போய் ஒட்டும். ஸ்கேன்ல கட்டி வடிவாத் தெரியும். வெளிச்சம் பாய்ச்சினா தங்கம் சூடாகிக் கட்டி கருகிடும்."

காக்காவுக்குக் கட்டி என்று தெரிந்த அன்று குடும்ப வட்ஸ்அப்பில் அவள் போட்டதுதான். ஊர் முழுக்கச் சுற்றி இந்தக் களவாணியின் கைக்கு வந்திருக்கிறது.

"உங்கட குரல்தானே டீச்சர்?"

சனம் கூடிவிட்டது. றுஸ்தாவுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. தன்னையும்தான். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது எலிகளுக்குச் செய்து பார்த்த ஆராய்ச்சி. உம்மா அழுத அழுகையில் எலி என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஓம், நான்தான்," என்றாள். தன் போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கக் குடும்ப வட்ஸ்அப்புக்குப் பேசினாள். "காக்கா, நான் பாதியத்தான் சொன்ன. அது எலிக்குச் செஞ்சது. மனுசருக்கு இன்னும் ஆராய்ச்சிதான். இந்தப் போத்தல்ல இரிக்கிறது மருந்தே இல்ல. திங்கக்கிழம போங்க."

கொஞ்ச நேரத்தில் மர்சூக்கின் பதில் வந்தது. "சரி புள்ள, போறன்."

றுஸ்தா மூச்சு விட்டாள். கடைக்காரனை இனி ஒரு கை பார்ப்போம் என்று திரும்பினாள். புதுப் போத்தலோடு நின்ற ஒரு பொம்பிளை அவளுடைய கையைப் பிடித்தாள். அந்தப் பொம்பிளையிடம் கோபமே இல்லை.

"என்ட மகளுக்கும் கட்டிதான் டீச்சர், போன கிழமதான் ஒப்பரேசனுக்குத் திகதி தந்திருந்தாங்க. போன்ல நீங்க கதைச்சதக் கேட்டுட்டுத்தான் நாங்க கூட்டிப் போகல்ல."