நான் சுவிட்சாக நின்ற சனிக்கிழமை

என் சித்திக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அக்காவான என் அம்மாதான். சித்தி அப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். சனிக்கிழமை காலைகளில் மட்டும் இரண்டு மணி நேரம், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளப் பொது அறையில், பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டி வைத்து அறிவியல் சொல்லிக்கொடுப்பாள். திங்கள் முதல் வெள்ளி வரை அவள் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

சொல்லிக்கொடுப்பாள் என்பதுகூடச் சரியில்லை, எங்களையே பாடமாக்கிவிடுவாள். ஜீரணம் என்றால் இரண்டு பேர் பல், நாலு பேர் இரைப்பை, மிச்சப் பேர் வரிசையாக நிற்கும் குடல். ஒரு பையன் சோற்றுப் பருக்கையாக உள்ளே போய், சட்டையெல்லாம் கசங்கி வெளியே வருவான். இன்று என் மகளின் பள்ளியில் இதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்துப் பெற்றோரைக் கூட்டி விளக்குகிறார்கள். அன்று இதற்குப் பெயர் கூத்து. அம்மாக்கள் நோட்டைப் புரட்டினால் ஒரு பக்கமும் நிரம்பியிருக்காது, சிவப்பு மையில் ஒரு ‘சரி’ கூட இருக்காது. நோட்டில் தெரியாத படிப்பு எங்கள் குடியிருப்பில் படிப்பே அல்ல.

எனவே ஒரு சனிக்கிழமை ஐந்து அம்மாக்கள் வந்து பின்சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தலைமை என் அம்மா.

“இன்னிக்குப் பாக்கறோம்லா. இதுவும் வெளையாட்டுதான்னா, அடுத்த வாரத்துலேர்ந்து பிள்ளைங்கள கடைவரிசை ட்யூஷனுக்கு அனுப்பிர்றோம்.”

எதிரே கடைகளின் மாடியில் நடக்கும் அந்த ட்யூஷனில் மேசை மேல் எப்போதும் ஒரு ரோத்தான் பிரம்பு கிடக்கும். நாங்கள் நடுங்கினோம். சித்தி “சரிக்கா” என்று மட்டும் சொன்னாள். அவள் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

அன்றைய பாடம் மின்சாரம். எல்லோரும் வட்டமாகக் கைகோத்து நிற்க வேண்டும். பேட்டரியாக நிற்பவன் பக்கத்துக் கையை அழுத்துவான், அழுத்தம் கை மாறி மாறிப் போகும், பல்பாக நிற்பவரை எட்டியதும் அவர் துள்ளிக் குதித்து “எரியுது!” என்று கத்தலாம். நடுவில் ஒருவர் சுவிட்ச். சுவிட்ச் கையை விட்டால் மின்சாரம் நின்றுவிடும். பல்பாக வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை. சொந்தச் சித்தி வேறு. எனக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பாள்?

கொடுத்தாள், சுங்கை பாக்காப்பிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு சிறுமிக்கு. வகுப்புக்கு வந்து இரண்டு மாதமாகியும் அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாதவள் எப்படிக் கத்துவாள்? எனக்குக் கிடைத்தது சுவிட்ச். கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

பேட்டரி அழுத்தினான். ஒவ்வொரு கையாகத் தாண்டி என் இடது கைக்கு அழுத்தம் வந்தது. வலது கை விரல்களை மெல்ல உருவிக்கொண்டேன். எனக்கு அடுத்து நின்ற பையன் விழித்தான். அவனுக்கு அடுத்து, குதிக்கத் தயாராகக் குதிகாலைத் தூக்கி நின்ற அந்தச் சிறுமி அப்படியே நின்றாள். மறுபடி செய்தோம். மறுபடியும் எரியவில்லை.

“வெளையாட்டுகூட ஒழுங்கா நடக்கல பாருங்க,” என்றார் அம்மா.

ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். சித்தி வட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். “போர்டுல லைட்டு எரியலன்னா ஃபேக்டரில என்னா செய்வோம்? ஃபால்ட் எங்கன்னு தேடுவோம். தேடுங்க.”

பேட்டரியிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லி வந்தார்கள். வந்துச்சு, குடுத்தேன். வந்துச்சு, குடுத்தேன். என் முறை வந்ததும் நானும் கூசாமல் அதையே சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அடுத்த பையன் “எனக்கு வரல” என்றான். பின்சுவரிலிருந்து அவனுடைய அம்மா, “கையப் புடிக்கக்கூடத் தெரியாதாடா ஒனக்கு?” என்று அதட்டினாள். அவன் கண் கலங்கிவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

“அவன் இல்ல.”

யார் பேசியது என்று எல்லோரும் தேடினோம். அந்தச் சிறுமி என்னைக் கைகாட்டினாள். “சுவிச்சு கைய விட்டுருச்சு. ரெண்டு தடவையும். நான் பாத்தேன்.”

பிள்ளைகள் ஃபால்ட் கிடைத்த சந்தோஷத்தில் கூரை அதிரக் கத்தினார்கள். பின்சுவரோரம் இருந்த அந்தச் சிறுமியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் அம்மா மட்டும் எழுந்து நேராக என்னிடம் வந்தார். “ஏண்டி, நீயா விட்ட?”

சித்தி குறுக்கே வந்து நின்றாள். “திட்டாதக்கா. நான்தான் விடச் சொன்னேன். ஃபால்ட்டு வச்சாதானே தேடக் கத்துக்குவாங்க.”

அம்மாக்களின் முகம் மாறியது. எழுந்தவள் உட்கார்ந்தாள். என் அம்மாகூட, “மொதல்லயே சொல்லக்கூடாதா,” என்று முனகிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். கடைவரிசைப் பேச்சு அன்றோடு நின்றது.

எனக்கோ ஒரே ஆச்சரியம். சித்தி என்னிடம் எப்போது சொன்னாள்? வாரம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: பெரியவர்களும் பொய் சொல்கிறார்கள், அதில் ஒருத்தி என்னிடம் மாட்டிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குமுன் அவளைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனேன்.

“நீங்க என்கிட்ட சொல்லவே இல்ல சித்தி. இன்னிக்கு என்னைப் பல்பா ஆக்கலன்னா அம்மாகிட்ட சொல்லிருவேன்.”

சித்தி என் கலைந்த சடையைச் சரிசெய்துவிட்டாள். “சரி, நீயே பல்பு,” என்றாள்.

அன்று சுவிட்சாக நின்றவள் அந்தச் சிறுமி. அவள் கையை விடவே இல்லை. நான் குதித்துக் குதித்து “எரியுது!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டியது சித்திதான். ஒரு பெரிய மனுஷியையே மிரட்டி ஜெயித்துவிட்ட பெருமை எனக்குத் தாளவில்லை. அந்தப் பொய்யை அவள் யாருக்காகச் சொன்னாள் என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை.