எந்த நடிகரின் ரசிகர்?

எங்கள் இலக்கிய வட்டத்தில் பொன்னாடை போர்த்தப்படாதவர்கள் இரண்டே பேர்: நானும், நான் கூட்டிப்போகும் என் சின்ன மகளும். மற்றவர்கள் மாறி மாறிப் போர்த்திக்கொள்கிறார்கள். ஒருவர் புத்தகத்தை மற்றவர் திறந்து பார்த்ததாக மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஆண்டு மலருக்கு என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். மகள் பிறந்தபின் நான் எழுதிய முதல் கட்டுரை அது. ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பற்றியது. வேற்றுநாட்டு விஞ்ஞானப் புனைகதைகளைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தவர்; அவற்றின்மேல் பைத்தியமாக இருந்தவர்களை ஒன்றுசேர்த்த முன்னோடி. அவர்கள் தாங்களே இதழ் அச்சிட்டார்கள். வேற்றுக்கிரகவாசி கண் சிமிட்டுமா என்று தேநீர் ஆறும்வரை சண்டை பிடித்தார்கள். அவர் 'ரசிகர் மன்றம்' அமைத்தார் என்று எழுதியிருந்தேன்.

குழந்தைகள் காப்பகமான கார்டெரியின் வாசலில் மகளின் பனிச்சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வட்டத்தின் தலைவர் அழைத்தார்.

"பிள்ளை, இந்தாள் எந்த நடிகரின்ரை ரசிகர்?"

"நடிகர் இல்லை ஐயா. கதையளுக்கு ரசிகர்."

"கதைக்கு ஆர் மன்றம் வைக்கிறது? கட்அவுட்டுக்குப் பால் ஊத்தின ஆள் எண்டெல்லோ சனம் நினைக்கும். 'அறிஞர் பேரவை' எண்டு மாத்தும். இல்லாட்டி மலரிலை போடேலாது."

மெட்ரோவில் வரும்போது 'வாசகர் வட்டம்' என்று மாற்றினேன். வீட்டுக்கு வந்ததும் அதை அழித்து மறுபடி 'ரசிகர் மன்றம்' என்றே வைத்தேன். பிழை என்னுடையதோ? அந்தச் சொல்லை நாம் சினிமாவுக்கு எழுதிக்கொடுத்து வெகுகாலமாகிவிட்டது. ஆனால் அறிஞர்கள் அப்படிச் சண்டை பிடிக்கமாட்டார்கள். சண்டை பிடிக்க முதலில் கதையை வாசித்திருக்க வேண்டும்.

"ஒரு சொல்லுத்தானே, விட்டுக்குடுமன்," என்றார் கணவர். அவரும் கட்டுரையை வாசிக்கவில்லை.

மறுநாள் தலைவரை நானே அழைத்தேன்.

"நான் மாத்தேல்லை ஐயா."

"அப்ப மலரிலை வராது பிள்ளை."

"ஓம் ஐயா. ஒண்டு கேக்கட்டோ? முழுக்க வாசிச்சனீங்களோ?"

"முதல் பக்கம் பாத்தனான். மிச்சத்தைப் பேந்து பாப்பம் எண்டு..."

"மிச்சத்திலைதான் ஐயா அவர் மொழிபெயர்க்கிறார்."

மலர் வந்தது. என் பக்கங்களில் புரோசார்ட் புறநகரிலுள்ள நகைக்கடை ஒன்றின் விளம்பரம். அதையாவது வாசிப்பார்கள். பெரியவரிடம் அவ்வளவு கடுமையாகக் கதைத்திருக்க வேண்டாமோ என்று அப்போதும் மனம் அரித்தது. சொல்லை மாற்றியிருக்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை.