அலம்பல் மலையும் நண்டு மெசினும்

வன்னியிலுள்ள வட்டக்கச்சியில் எங்களுக்குக் கிடைத்த காணியில் வீட்டைவிட உயரமான ஒன்று நின்றது. மரம் என்று நினைத்துவிடாதீர்கள். மரங்களையெல்லாம் குடிவந்த வருடமே ஐயா வெட்டி விழுத்திவிட்டார். அது அம்மா குவித்து வைத்த அலம்பல் கும்பி.

அலம்பல் என்றால் வேலி அடைக்கிற முட்கிளை. காடு வெட்டும்போது சூரையும் காரையுமாக, முள்ளும் வளாருமாக வந்து குவியும். வன்னியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கொளுத்துகிற சாமான். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய எங்களுக்கு அப்படியில்லை. அங்கே வேலி அடைக்கிற காலத்தில் ஓர் அலம்பல் வண்டில் ஒழுங்கைக்குள் திரும்பினால், மாப்பிள்ளை ஊர்வலம் பார்க்க வருவதுபோலச் சனம் படலைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த அம்மாவின் கண்முன்னே, ஐயா அலம்பலை ஏக்கர்க் கணக்கில் கொளுத்தப் போனால் விடுவாரா?

"நெருப்புப் பெட்டியை இஞ்சை தாங்கோ" என்று அம்மா கையை நீட்டினாராம். வாங்கிய பெட்டி நேரே குசினி அடுப்படிக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து வெட்டிய கிளையெல்லாம் கும்பிக்கு வந்தது.

ஊரில் அம்மாவின் சீதன வளவு வேலி விழுந்து கிடந்தது. "வேலி விழுந்தால் மாடு மட்டுமோ வரும்? சனமும் வரும்" என்பார் அம்மா. அந்த வளவை அடைப்பதற்குத்தான் இவ்வளவு அலம்பலும். ஒரு லொறி பிடித்து ஏற்றி அனுப்புவது, வேலி அடைத்து முடிந்ததும் பின்னாலேயே நாங்களும் போய்விடுவது. இதுதான் அம்மாவின் ஏற்பாடு. எங்கள் வீட்டில் ஊர் என்றால் அந்த ஊர் ஒன்றுதான். நாங்கள் சமைத்துச் சாப்பிட்டு, படுத்து எழும்பி, நான் பள்ளிக்கூடம் போய்வந்த இடத்துக்குப் பெயர் காடு. "இந்தக் காட்டிலை இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று அம்மா கேட்டதும் ஐயா வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொள்வார். வாய் நிறைந்திருப்பவரிடம் பதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை அல்லவா?

லொறி வரவேயில்லை. கும்பி மட்டும் வருடக்கணக்காக வளர்ந்தது. உள்ளே கீரி குடியிருந்தது, கோழிகள் களவாக முட்டையிட்டன, புடையன் பாம்பும் கிடந்தது. பக்கத்துக் காணி மாமி என்னைக் காணும்போதெல்லாம், "கொம்மா மலையிலை முருகனுக்குக் கோயில் கட்டப் போறாவோ, பிள்ளை?" என்று கேட்பார். எனக்குக் கோபம் வராது. எங்கள் குடியேற்றக் கொலனியில் வேறு யாருக்கு மலை இருந்தது?

அந்த வருடம் மழை பிந்தி வந்ததில் காலபோக நெல் கருகிப்போயிற்று. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளம் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது எல்லோரும் வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். எங்கள் வயலுக்கு வரவேண்டிய வாய்க்கால் அம்மாவின் கும்பிக்கு நேர் கீழே போகவேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போகலாமென்றால் அந்தப் பக்கம் மேடு. தண்ணீர் மேட்டில் ஏறுமா? தண்ணீர் இல்லாவிட்டால் விதைப்பு இல்லை. இந்தப் போகமும் போய்விட்டால் சாப்பாட்டுக்கே வழியில்லை என்பது எட்டு வயதான எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"கொளுத்திறதைத் தவிர வேறை வழியில்லை" என்றார் ஐயா.

"என்னையும் தூக்கி மேலை வைச்சிட்டுக் கொளுத்துங்கோ" என்றார் அம்மா.

கொளுத்துவதும் இலேசில்லை. கும்பிக்கும் எங்கள் கிடுகுக் கூரைக்கும் நடுவில் ஒரு கோழிக்கூடுதான் இருந்தது. கையால் இழுத்து அகற்றலாமென்றால் முள் ஒன்றோடொன்று கொழுவிக் கிடந்தது. உள்ளே புடையன் வேறு. இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் சின்ன மாமா வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. பரந்தனில் ஒரு முதலாளியிடம் உழவு மெசின் ஓட்டியவர். அந்த மெசினோடேயே வந்தார். மெசினின் பின்பக்கம் கலப்பை பூட்டுகிற இடத்தில் ஏதோ ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

உடைந்த லொறியின் வில்லுத் தகடுகளை வளைத்து, சூடுகாட்டி ஒட்டி, மாமா தன் எண்ணத்துக்குச் செய்த சாமான் அது. கீழே நீட்டிக்கொண்டு ஐந்து பல்லு. மேலே கவிழ்ந்த மாதிரி மூன்று கொக்கி. கொக்கிகளை ஒரு கயிறு தூக்கிப் பிடித்திருந்தது. மெசினைப் பின்னுக்கு விட்டுக் கீழ்ப்பல்லைக் குப்பைக்கு அடியில் செருகவேண்டும். கயிற்றைத் தளர்த்தினால் மேல்கொக்கி தன் பாரத்தில் விழுந்து கவ்விக்கொள்ளும். பிறகு மெசினே தூக்கிக்கொண்டு நடக்கும். மாமா இதைச் சொல்லி முடிப்பதற்குள் கொலனியில் பாதி எங்கள் காணிக்குள் வந்துவிட்டது.

"மச்சான், இது உழுறதுக்கோ, பல்லுப் புடுங்கிறதுக்கோ?" என்றார் ஐயா.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு விற்கக் கொண்டுவந்த வியாபாரி நானா சைக்கிளைச் சாத்திவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, நாங்க கடலிலை பிடிக்கிறதை நீங்க இரும்பிலை செஞ்சு வச்சிருக்கிறீங்க. இது நண்டு!" என்றார். அவ்வளவுதான். பெயர் வைத்தாயிற்று.

சனம் கூடினால் மாமாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். ஓரத்தால் பிடிக்காமல் நேரே கும்பியின் நடு வயிற்றுக்குள் நண்டை விட்டார். கயிற்றைத் தளர்த்தினார். கவ்வியது. தூக்குவதற்கு ஏதோ ஒரு தடியை இழுத்தார். கும்பி அசையவில்லை. அதற்குப் பதிலாக மெசினின் முன் சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின! மெசின் முறைத்த மாடு மாதிரி மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. மாமா சுக்கானைக் கட்டிப் பிடித்தபடி, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ" என்று கத்தினார். பயந்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சிரித்து முடியவில்லை.

"தம்பி, கொதிக்கிற கூழை நடுவிலையோ அள்ளுறது?" என்று அம்மா சத்தம் போட்டார். "கரையாலை வா!"

கரையால் வந்தாலும் முன்பக்கத்துக்குப் பாரம் வேண்டும். மாமா சுற்றிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் நல்ல தேகமுள்ள ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். "அத்தான், குறை நினையாதேங்கோ. முன்னுக்கு ஏறி இருங்கோ."

கொளுத்தச் சொன்ன ஐயா, கொளுத்தாமலிருப்பதற்காக மெசினின் மூக்கில் ஏறி இருந்தார். தலைப்பாகை கட்டி, மீசையைத் தடவிக்கொண்டிருந்த அவரைச் சாமி தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு மெசின் புறப்பட்டது. எனக்குப் பெருமை நெஞ்சில் நிற்கவில்லை. என்னுடைய மாமா, என்னுடைய ஐயா, என்னுடைய நண்டு. பக்கத்துக் காணி மாமியின் மகளைப் பார்த்து, "உங்கடை வீட்டிலை இருக்கோ?" என்று கேட்டேன். அவள் அழப் பார்த்தாள்.

ஓரத்திலிருந்து முதற்பிடி வந்தது. வண்டில் ஒன்று கொள்ளுகிற அலம்பலை நண்டு கவ்விக்கொண்டு அந்தரத்தில் நின்றது. சனம் கைதட்டியது.

"எங்கை அக்கா போட?"

"றோட்டுக் கரையிலை" என்றார் அம்மா. "லொறி வந்தால் ஏத்தச் சுகம்."

ஐயா முன்னால் இருந்தபடி வேறெங்கோ பார்த்தார். மெசின் றோட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தது. திரும்பவும் போயிற்று. கீரி ஒன்று வெளிக்கிட்டு ஓட, நாய்களும் பிள்ளைகளும் பின்னால் ஓடினோம். புடையனை அடித்துப் போட்டார்கள். மத்தியானம் திரும்ப மலையில் பாதி றோட்டுக் கரையில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. அடிப்பகுதிக்குள் பல்லு செருகி நண்டு தூக்கியபோது, கிளையாக ஒன்றும் வரவில்லை. கறுப்புப் பொடி பொலபொலவென்று கொட்டியது. மாமா இன்னொரு பக்கம் பிடித்துப் பார்த்தார். அங்கும் அப்படித்தான். மேலே விறைத்த முள்ளாக நின்ற கும்பி அடியில் உக்கி மண்ணாகிப் போயிருந்தது.

அம்மா கிட்டப் போனார். குனிந்து ஒரு கை அள்ளினார். ஈரமான, கறுத்த, சோறு மாதிரி உதிருகிற மண். எங்கள் ஊர்ச் செம்மண் தோட்டக்காரர்கள் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். விரலால் பிசைந்தார். மணந்து பார்த்தார். பிறகு சேலையில் கையைத் துடைத்துவிட்டு, வயல் பக்கம் நடக்கத் தொடங்கினார். சனம் வழிவிட்டது.

காட்டுப் பன்றி இறங்குகிற கீழ் எல்லையில் போய் நின்று, குதிக்காலால் நிலத்தில் ஒரு கோடு இழுத்தார். நடந்து நடந்து இழுத்தார். எல்லை முடியுமட்டும் இழுத்தார்.

"தம்பி, நல்லதெல்லாத்தையும் இதிலை கொண்டுவந்து போடு."

"றோட்டிலை போட்டது, அக்கா?"

"அதையும்தான்."

ஐயா மெசினின் மூக்கிலிருந்து இறங்கினார். அவர் வாயில் அப்போது வெற்றிலை இல்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு போய் அம்மா இழுத்த கோட்டில் வேலிக் கதியால் நட முதற்குழி தோண்டத் தொடங்கினார். அவர் இறங்கியதால் மெசினின் முன்பக்கம் திரும்பவும் எழும்பப் பார்க்க, கருவாட்டு நானா தானாகவே ஓடிப்போய் ஏறியிருந்து, "ஓட்டு தம்பி, கருவாடு காஞ்சாப் பரவாயில்லை, காஞ்சதுதானே" என்றார்.

பொழுது சாயுமுன் மலை இருந்த இடம் வெறும் தரையானது. அடுத்த நாளே வாய்க்கால் வெட்டினார்கள். குளத்துத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்தபோது நான் அதற்கு முன்னால் ஓடினேன். நட்ட கதியால்களில் அலம்பலை வரிந்து கட்டிய எங்கள் வேலியைப்போல ஒரு வேலி கொலனியில் இருக்கவில்லை. இரண்டு ஆள் உயரம். பன்றி மூக்கை நுழைக்க முடியாது. அந்தப் போகம் முற்றாக வீடு வந்து சேர்ந்தது. சின்ன மாமாவுக்கு நாலு பக்கமும் அழைப்பு. முறிகண்டிப் பக்கமிருந்துகூட நண்டைக் கேட்டு ஆள் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை நண்டுக்காரரின் மருமகள் என்றார்கள். நான் திருத்தவில்லை. அதைவிட நல்ல பெயர் எனக்கு யாரும் வைத்ததில்லை.

இதெல்லாம் எனக்கு அன்றே விளங்கியவை. விளங்காதது ஒன்று இருந்தது.

மலை போன அன்று பின்னேரம், சனம் கலைந்த பிறகு, அம்மா கிணற்றடியில் முழங்கையிலிருந்த முட்கீறல்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பெரிய கவலை. ஊருக்கென்று சேர்த்த அலம்பல் முழுவதும் இங்கே போய்விட்டதே! ஒருவேளை அம்மா யோசிக்காமல் செய்துவிட்டாரோ?

"அப்ப ஊர் வேலிக்கு என்னம்மா செய்யிறது?"

அம்மா கையைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த ஊர்?" என்றார்.

பாவம், விடியற்காலையிலிருந்து வெய்யிலில் நின்றவர். களைப்பில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அதனால் நான் ஊரின் பெயரைச் சொன்னேன். போதாதென்று ஒழுங்கையின் பெயரையும், முடக்கிலிருந்த வைரவர் கோயிலையும் சேர்த்து, வாத்தியாருக்கு ஒப்புவிப்பதுபோல் ஒன்றும் பிசகாமல் சொல்லிக் கொடுத்தேன். அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவே மறந்துபோனது எனக்கு நினைவிருந்ததில், அன்றைய பெருமைகளுக்குள்ளே அதுதான் எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது.