சஹாபுதீன் பாய் பானையில் ஊற்றிய இரண்டு குடம்

சஹாபுதீன் பாய் விடிகாலையில் கடையைத் திறந்ததும் முதலில் பிஸ்மில்லா சொல்வார். அடுத்து ரோட்டைத் திட்டுவார்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்குப் போகிற ரோட்டில், ஒரு வளைவில் இருந்தது அவர் கடை. வாழைப்பழம், பிஸ்கட், பிரட், சோப்பு, ஷாம்பு பாக்கெட், தண்ணி பாட்டில். எல்லாவற்றின் மேலும் சிவப்பாக ஒரு விரல் தூசி. இரும்பு ஏற்றிய லாரி ஒன்று போனால் போதும், துடைத்து வைத்த ஜாடியெல்லாம் மறுபடி மண்ணாகிவிடும்.

"நான் பிஸ்கட் விக்கிறேனா, செங்கல் விக்கிறேனான்னு எனக்கே தெரியல" என்பார்.

தூசியை முடித்தால் சாக்கடை. சாக்கடையை முடித்தால் தெருவிளக்கு, பகலில் எரிந்து ராத்திரி அணைகிற விளக்கு. அப்புறம் நேரத்துக்கு வராத மினி பஸ். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணி. பஞ்சாயத்துக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். வந்தாலும் அரை மணி நேரம்தான்.

"பாய், கவுன்சிலராண்ட போய்ச் சொல்லு. எங்ககிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்று சிரிப்பான் வரதன். அவன் இரும்பு உருக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவன்.

"அவருகிட்டயும் சொல்லிட்டேன்பா. உங்களாட்டமே அவரும் சிரிக்கிறாரு."

பாய் இவ்வளவு புலம்பினாலும் யாரும் அவரை வெறுத்தது கிடையாது. அதற்குக் காரணம் கடை வாசலில் இரும்பு ஸ்டாண்டு மேல் இருந்த மண்பானை. குழாய் வைத்த பெரிய பானை, பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாசத்தில் கூலி ஆள் ஒருத்தர் வந்து தண்ணி கேட்டார். பாய் பாட்டிலை எடுத்துக் கொடுத்து இருபது ரூபாய் என்றார். அந்த ஆள் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே மயங்கி விழுந்துவிட்டார். தண்ணி தெளித்து எழுப்பி உட்கார வைத்தார்கள். அன்றைக்கு சாயங்கால அஸர் தொழுகையில் பாய் ஒரு நிய்யத்து வைத்தார். கடை திறந்திருக்கிற நாளில் இந்த வாசலில் பானை காலியாக இருக்காது என்று இறைவனிடம் சொன்னார். அன்று முதல் ஒரு நாளும் தவறவில்லை. அவர் மனைவி ரமீஸா வெள்ளிக்கிழமைதோறும் பானையைத் தேய்த்துக் கழுவித் தருவாள்.

போன திங்கட்கிழமை அந்த நிய்யத்துக்குச் சோதனை வந்தது.

குழாயில் தண்ணி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. கேன் தண்ணி கொண்டு வருகிற வண்டியும் வரவில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. பன்னிரண்டு மணிக்குப் பானையைச் சாய்த்துப் பார்த்தார், அடியில் ஒரு டம்ளர் கூட இல்லை. இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும். கூட்டம் கூட்டமாக வந்து குழாயைத் திருகுவார்கள்.

கடைக்குள் தண்ணி பாட்டில் இரண்டு பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதை உடைத்துப் பானையில் ஊற்றியிருக்கலாம். அந்த நினைப்பும் வந்தது. ஆனால் அது வியாபாரச் சரக்கு, கை அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த நேரத்துக்குத்தான் நீல நிற டேங்கர் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் சடையப்பன் இறங்கி வாழைப்பழம் கேட்டான். தெரிந்த முகம். ஒரு மாசமாக அந்த ரோட்டில் போய் வந்துகொண்டிருந்தான்.

"நைனா, ரெண்டு கொடம் தண்ணி புடிச்சிக்கட்டுமா?"

"இன்னா பாய் இதுக்குப் போயி கேட்டுகினு. புடிச்சிக்கோ. பின்னாடி பைப் இருக்குது பாரு."

சடையப்பன் போனில் பேசிக்கொண்டே பழத்தை உரித்தான். பாய் இரண்டு குடம் பிடித்துப் பானையில் ஊற்றினார். ஒரு டம்ளர் பிடித்துத் தானும் குடித்தார். மருந்து நெடி மாதிரி லேசாக ஏதோ மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள், நல்ல தண்ணிதான் என்று நினைத்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், நிய்யத்து தப்பவில்லை என்று மனசு நிறைந்தது. அன்று சாயங்காலம் வரதன் வீட்டுக்குப் போகும்போது வழக்கம் போல மூன்று டம்ளர் குடித்துவிட்டு, பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு போனான்.

செவ்வாய் மதியம் குழாயில் தண்ணி வந்துவிட்டது. பாய் பானையைக் கழுவி நல்ல தண்ணி நிரப்பினார். அதோடு அந்த விஷயத்தை மறந்தும் போனார்.

புதன்கிழமை காலையில் சடையப்பன் மறுபடி லாரியை நிறுத்திப் பழம் வாங்கினான்.

"இன்னா பாய், அன்னைக்கு ரெண்டு கொடம் தெளிச்சியே, தூசி அடங்கிச்சா?"

"தெளிக்கிறதா? பானையிலதானே ஊத்தினேன்?"

சடையப்பன் கையிலிருந்த பழம் பாதி வாய்க்குப் போனபடி நின்றது.

"எந்தப் பானையில?"

பாய் வாசலைக் காட்டினார்.

"யோவ் பாய்! அது குடிக்கிற தண்ணி இல்லய்யா! கம்பெனியில எல்லாத்தையும் கழுவி வுட்ட தண்ணி. மிஷின்ல வுட்டு வடிகட்டி எடுத்து, ரோட்டுல தூசி அடங்கறதுக்குத் தெளிக்கிறோம். பின்னாடி இம்மாம் பெருசா இங்கிலீஷ்ல எழுதியிருக்குதே, பாக்கல?"

பாய் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் அவருக்கு எல்லாம் ஒரே கோடாகத்தான் தெரியும்.

"நீ ஏன்பா சொல்லல?"

"தெனம் தூசி தூசின்னு நீதானே பொலம்பினு இருந்த? கட முன்னாடி தெளிக்கத்தான் கேக்கறன்னு நான் நெனைச்சேன்." சடையப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யாருக்கும் ஒண்ணும் ஆவலியே? அப்போ வுட்டுடு. வாயத் தொறக்காத. என் பேரு வெளிய வந்தா வேல போயிடும் பாய். ரெண்டு பொட்டப் புள்ளங்கள வெச்சிருக்கேன்."

லாரி போய்விட்டது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். தனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குடித்தது ஒரே டம்ளர். மற்றவர்கள்? திங்கள் மதியத்திலிருந்து செவ்வாய் மதியம் வரை எத்தனை பேர் அந்தக் குழாயைத் திருகினார்கள்? ஒவ்வொரு முகமாக வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. வரதன் நேற்றும் வரவில்லை. இன்றும் வரவில்லை.

கடையைப் பாதி சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார். ரமீஸா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டதும் அவள் கை அப்படியே நின்றது.

"யா அல்லாஹ். யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லிட்டா இன்னா ஆவும்னு யோசிச்சீங்களா? பாய் கடைத் தண்ணியக் குடிச்சித்தான் வாந்தின்னு ஒருத்தன் போன்ல போட்டா போதும். தெரியாம நடந்ததுன்னு எவன் கேப்பான்? வேணும்னே கலந்தான்னு சொல்லுவாங்க."

அதைத்தான் பாயும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். போலீஸ் ஜீப், கடை முன்னால் கூட்டம், உடைந்த ஜாடிகள், எல்லாம் நடந்து முடிந்த மாதிரியே கண்ணில் ஓடின.

"வரதன் ரெண்டு நாளா வரல ரமீஸா."

அவள் அரிசித் தண்ணியை வடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"போய்ப் பாருங்க மொதல்ல" என்றாள்.

வரதன் வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தார். வாந்தி, பேதி, நேற்று விடியக்காலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். பாய் ஷேர் ஆட்டோவில் ஏறினார். வழி நெடுகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார். நடுவில் ஓதியது மறந்து போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வார்டில் வரதன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் முகம் ஒட்டிப் போயிருந்தது. அவன் மனைவி கங்கம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வா பாய். ஒனக்கு யார் சொன்னா?" என்று எழுந்தாள். "திங்கக்கெழம வரும்போது எங்கயோ பரோட்டா துன்னுட்டு வந்துகிறாரு. அந்தக் கடக்காரன் நாசமாப் போவ. பழைய சால்னாவ ஊத்திகிறான். டாக்டரும் அதான் சொன்னாரு, சாப்பாடு ஒத்துக்கலன்னு."

பரோட்டா. அந்த ஒரு வார்த்தையில் பாய்க்குக் கதவு ஒன்று திறந்த மாதிரி இருந்தது. டாக்டரே சொல்லிவிட்டார். தான் வாயைத் திறக்கவே வேண்டாம். ஒரு பிரட் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அல்லாஹ்கிட்ட துஆ செய்கிறேன்மா என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். சடையப்பன் வேலையும் தப்பும். ரமீஸா பயந்த மாதிரி ஒன்றும் நடக்காது. உண்மையிலேயே பரோட்டாவாகவும் இருக்கலாம் அல்லவா?

வாசல் வரை வந்துவிட்டார்.

மருந்துத் தட்டோடு எதிரில் வந்த நர்ஸம்மா, ஹெலன் சிஸ்டர், கங்கம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"காலையிலருந்து யூரின் போனாரா?"

"இல்ல சிஸ்டர். ராத்திரியிலருந்தே கம்மிதான்."

சிஸ்டரின் முகம் மாறியதை பாய் பார்த்தார். அதற்கு மேல் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. இந்த ஆளுக்கு வயிற்றுக்குள் போனது என்னவென்று தெரியாமலே வைத்தியம் நடக்கிறது. தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான். அவன் வாசலில் நிற்கிறான். நாளைக்கு அல்லாஹ் கேட்டால் பரோட்டா என்று சொல்ல முடியுமா?

"சிஸ்டர்," என்றார். "அவரு என் கடையில தண்ணி குடிச்சாரு. அது நல்ல தண்ணி இல்ல. ரோட்டுக்குத் தெளிக்கிற கம்பெனித் தண்ணி. நான்தான் தெரியாம பானையில ஊத்திட்டேன்."

ஹெலன் சிஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

கங்கம்மா பாயையே பார்த்தாள். திட்டுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று பாய் காத்திருந்தார். அவள் அதெல்லாம் செய்யவில்லை.

"நீ ஊத்தின தண்ணியா பாய்?" என்று மட்டும் கேட்டாள். "பாய் கடத் தண்ணி மாரி வராதுன்னு ஊட்ல சொல்லினே இருப்பாரே."

பாய் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எந்த லாரி, என்ன நிறம், எப்படி நாற்றம் அடித்தது, எத்தனை டம்ளர் குடித்தார் என்று வேகமாகக் கேட்டார். டிரைவர் பெயரைக் கேட்கவில்லை, பாயும் சொல்லவில்லை. ஆனால் கம்பெனிக்கு ஆள் போகும், தண்ணியை எடுத்துப் பரிசோதிப்பார்கள், சடையப்பனும் தப்ப மாட்டான் என்று பாய்க்குப் புரிந்தது. கிட்னியையும் ஈரலையும் பரிசோதிக்க வரதனுக்கு ரத்தம் எடுத்தார்கள். வேறு மருந்து மாற்றினார்கள்.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றார் டாக்டர். "பொழைச்சிடுவாரான்னு கேக்காதீங்க. நாளைக்கு ரிப்போர்ட் பாத்துதான் சொல்ல முடியும். வேற யார் யார் குடிச்சாங்க? பேரு சொல்லுங்க. கூப்பிட்டுப் பாக்கணும்."

பாய் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. மூன்று வருஷமாகப் பார்க்கிற முகங்கள். வரதனைத் தவிர யாருடைய பேரும் அவருக்குத் தெரியாது. தினம் அவர் புலம்புவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள், அவர் ஒரு நாளும் அவர்களை யார் என்று கேட்டதில்லை.

"ஒருத்தரு ரெண்டு பழம் வாங்குவாரு, காதுல மெஷின் வெச்சிருப்பாரு. வடநாட்டுப் பசங்க நாலு பேரு, நீலச் சட்டை. கேண்டீன்ல பாத்திரம் கழுவற அம்மா ஒண்ணு, தெனம் ஒரு பிஸ்கட் பாக்கெட்..." சொல்லச் சொல்ல அவருக்கே அழுகை வந்தது. "பேரு தெரியாது சார். முகம் தெரியும். காலைல ரயில்ல வருவாங்க. நான் நின்னு ஒவ்வொருத்தரா இட்டாந்துடறேன்."

வியாழக்கிழமை பாய் கடையைத் திறக்கவில்லை. விடிகாலை பஜர் தொழுதுவிட்டு, வரதனுக்காக அதிக நேரம் கை ஏந்தி உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார். ரமீஸாவும் கூட வந்தாள். அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்த ரயில் நின்றது. ஜனங்கள் அடைத்துக்கொண்டு இறங்கினார்கள். யாரும் வராமல் போய்விட்டால்? வரவேண்டியவர் ஒருத்தர் இன்று வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? காது மெஷின்காரர் வந்தார். நல்லபடியாகத்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினார், ஆனாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தார். நீலச் சட்டைப் பையன்களில் மூன்று பேர் வந்தார்கள். நாலாவது ஆள் ரூமில் படுத்திருக்கிறான் என்று கையால் ஜாடை காட்டினார்கள். ரமீஸா அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ரூமுக்குப் போனாள்.

கடைசியில், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கேண்டீன் அம்மா மெதுவாகப் படி இறங்கி வந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். ஒங்க பேரு இன்னா?"

"முத்தம்மா. ஏன் பாய், கட தொறக்கலயா?"

அவர் சொன்னார். இத்தனை பேரிடம் சொல்லியும் நாக்கு பழகவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லயே பாய்," என்றாள் முத்தம்மா. "நான் குடிக்கவே இல்ல அன்னைக்கு. என் பேத்திக்குக் காச்சலு, ஊட்ல தண்ணி இல்லன்னு பாட்டில்ல புடிச்சினு..."

அவள் பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த டிபன் பை நழுவியது. பாய் அதைக் குனிந்து எடுத்தார்.

"கொழந்தைக்கு எத்தினி வயசு?"

"மூணு."

"எந்த ஸ்டேஷன்ல ஊடு?"

"பொன்னேரி."

திரும்பிப் போகிற ரயில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. பாய் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஊட்டுக்குப் போன் போடும்மா. அந்தப் பாட்டில்ல இன்னும் தண்ணி இருக்குதான்னு கேளு. இருந்தா தொடக் கூடாதுன்னு சொல்லு. வா, ஓடி வா" என்று படியேறினார்.

அவள் பின்னால் ஓடி வந்துகொண்டே போனைக் காதில் வைத்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது.