பெயர் எழுதிய மலர்வளையம்

மெல்போர்னில் நான் வேலை பார்க்கும் பூக்கடையில், சாவு வீட்டுக்குப் போகும் பூவோடு ஒரு சின்ன அட்டையும் போகும். வாடிக்கையாளர்கள் போனில் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அழுகை என் காதுக்கு, எழுத்து அவர்கள் பேருக்கு. எப்படி இறந்தார் என்று கேட்கக் கூடாது. கிடந்து சீரழியாமல் போனாரே என்று ஆறுதல் சொல்லக் கூடாது. முழுப் பெயரும் ஊரும் கட்டாயம் வேண்டும். யார் அனுப்பிய பூ என்று துக்கத்தில் இருப்பவர்கள் குழம்பக் கூடாதாம். கடை முதலாளி ஹெலன் இதையெல்லாம் சொல்லித் தந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் பக்கம் துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனால் எழுதவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம்.

போன மாதம் எங்கள் ஊர் இராஜாக்கமங்கலத்தில் என் அண்ணன் செத்துப் போனான். ஆட்டோ ஸ்டாண்டில் தன் வண்டியோடு சவாரிக்குக் காத்திருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான். மறுநாள் மதியம் எடுக்கிறார்கள். எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. கடையில் ஹெலனிடம் சொன்னேன். பூ அனுப்பலாமே, என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டாள். அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்றேன். அவள் உண்மையிலேயே யோசித்துவிட்டு, அதை அட்டையில் எழுதுவது கொஞ்சம் சிரமம் என்றாள். பாவம், நல்லவள்தான்.

நாகர்கோவிலில் ஒரு பூக்கடையைப் போனில் பிடித்து, இருப்பதிலேயே பெரிய மலர்வளையம் சொன்னேன். பேர் என்ன எழுத என்று கேட்டார்கள். இங்கே படித்த பாடம் தானாக வாயில் வந்தது: ஆழ்ந்த அனுதாபங்களுடன், தமிழ்ச்செல்வி, மெல்போர்ன். எப்படியாவது அவன் பக்கத்தில் இருந்துவிட வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நான் கடையில் இருந்தபோது சித்தி மகன் வீடியோ காலில் காட்டினான். அண்ணன் முகம் மட்டும் தெரிய, கழுத்து நிறைய மாலைகள். என் பூவைக் காணவில்லை.

"மக்கா, நான் அனுப்பின பூ எங்கல?"

"வெளிய இருக்குக்கா. ஆட்டோ சங்கத்துக்காரங்க வச்சதுகூட."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேர் எழுதிய வளையம் எங்கள் ஊரில் கட்சிகளும் சங்கங்களும் வைப்பது. கூடப்பிறந்தவள் எதற்குப் பேர் எழுதப் போகிறாள்? அண்ணன் மனைவி போனை வாங்கினாள்.

"ஏட்டி பாப்பா, ஒரு மாலை அனுப்பியிருக்கப்பிடாதா? நான் அவருக்க கழுத்துல போட்டிருப்பேன்லா."

"மைனி, அந்த அட்டைய மட்டும் கிழிச்சு எறியச் சொல்லுங்க," என்று கெஞ்சினேன். அதற்குள் எடுக்க வந்துவிட்டார்கள். போன் மறுபடி சித்தி மகன் கைக்குப் போய், கூட்டத்தில் தள்ளாடி, வாசலைக் காட்டியது. இரண்டு பேர் வளையங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அட்டையை வாசித்தார்.

"தமிழ்ச்செல்வி, மெல்போர்ன். இது ஆருல?"

"வெளிநாட்டுல ஏதோ சங்கமாக்கும். கடைசியில வையி."

நான் அவன் தங்கச்சி, நான் அவன் தங்கச்சி என்று தமிழில் கத்தினேன். ஹெலன் ஓடிப்போய்க் கடைக்கதவைச் சாத்தினாள்.