பெரியக்காவுக்கு வந்த வலி

இந்தி எதிர்ப்புப் போராட்டம் செஞ்சி வரைக்கும் வந்திருந்த சமயம், பெரியக்கா பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். அவளைக் கட்டிய மாமா உள்ளூர் ஸ்டேஷனில் போலீஸ்காரர். சின்னக்காவோ, வெளியூர்க் காலேஜில் படித்துக்கொண்டிருந்த சிங்கவரத்துக்காரர் ஒருவர்மேல் உயிரையே வைத்திருந்தாள். தபாலாபீஸ் பலகையில் தார் பூசியது அவர்தான் என்று ஊரே பேசியது.

ஒரு மத்தியானம் அவர் எங்கள் தோட்டத்துச் சுவரேறிக் குதித்தார். நைனா கடையில் இருந்தார், அம்மா கழனியில். சின்னக்கா அவரை மல்லாட்டை மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, "நீ வாயைத் தொறக்கக் கூடாது" என்று என்னை மிரட்டினாள்.

பெரியக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடி பண்ணி வச்சிருக்க? உங்க மாமாவுக்கு வேல போச்சுன்னா என் வயித்துல இருக்கறதுக்கு யாருடி கஞ்சி ஊத்துவா?"

"புடிச்சிட்டுப் போனா ஸ்டேஷன்ல எப்பிடி அடிக்கறாங்கன்னு நீதானக்கா சொன்ன."



சற்றைக்கெல்லாம் வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கூடத்தில் நின்றுகொண்டு, "மாமியார் வீடுதானய்யா, நீயே தேடு" என்று மாமாவை ஏவினார். மாமா சமையலறையைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார். பிறகு மூட்டை அறைப் பக்கம் திரும்பினார். சின்னக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, வலி எடுத்துடுச்சே!" என்று அலறிக்கொண்டு பெரியக்கா அந்தக் கதவின்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பதறிப்போய்த் தெருவுக்கு நழுவினார். மாமா பெரியக்காவின் முகத்தையே பார்த்தபடி நின்றார். அவர் காதெல்லாம் வேர்த்திருந்தது. பிறகு தெருவே கேட்கும்படி, "சார், ஜீப்பு வேணும் சார், ஆஸ்பத்திரிக்கு!" என்று கத்தினார்.

அப்படித்தான் நான் முதன்முதலில் ஜீப்பில் ஏறினேன். பெரியக்கா செத்துவிடுவாளோ என்று வழியெல்லாம் அழுதேன். எங்களை இறக்கிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார். நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் நாள் இருக்குதே என்று உதட்டைப் பிதுக்கினார். பெரியக்காவோ முனகலை விடவில்லை.

சின்னக்கா தூக்குவாளியில் கஞ்சியோடு ஓடிவந்தாள். "பனமலை வண்டியில ஏறிட்டாருக்கா" என்று காதில் சொன்னதுதான் தாமதம், பெரியக்கா முனகுவதை நிறுத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். பிறகு பெரியக்கா அந்தக் கஞ்சி முழுவதையும் குடித்தாள்.

மாமா ஒற்றை மாட்டு வண்டி பிடித்து எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார். பாதி வழியில், "வலி போயிடுச்சா?" என்று கேட்டார்.

"போயிடுச்சு."

"நல்ல நேரம் பாத்துத்தான் வருது உனக்கு."

"போங்க" என்று பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

வலியில் துடித்த பெண்டாட்டியைப் பார்த்து இப்படியா ஒரு மனுஷன் சிரிப்பான்? அந்தக் கோபத்தில், குழந்தை பிறந்து அவர் மிட்டாய் கொண்டுவந்து நீட்டியபோதுகூட நான் அவரோடு பேசவில்லை.