தோங்பாய் அடுக்கிய தோல் படகு

பாங்காக்கில் சேன்சேப் கால்வாயில் படகு ஓட்டுகிறேன். தோங்பாய் என் படகில் டிக்கெட் கொடுப்பவன். படகின் வெளி விளிம்பில் நடந்தபடி, ஒரு கையில் கயிறும் மறு கையில் காசுமாக வருவான். ஞாயிறு வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கும் பந்தயத்துக்குப் போய்விடுவான்.

அந்த ஆட்டக்காரர்களில் பலருக்கு ஆங்கிலம் பேச வராது. சொல்லைப் படம்போல மனதில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தோங்பாய் மட்டும் பொருளையும் தேடுவான். அதிலும் க்யூ எழுத்துக்குப் பின்னால் யூ வராத சொற்கள் என்றால் பைத்தியம். இன்ஜின் இரைச்சலை மீறிக் கத்துவான்: "கனாத்துன்னா பாலைவனத்துல மண்ணுக்கடியில வெட்டுன வாய்க்கால்ண்ணே!"

"பொருள் தெரிஞ்சா புள்ளி கூடுமாடா?" என்பான் பந்தயத்தில் கூட ஆடும் பிரசோட்.

"புள்ளிய நீ வச்சுக்க. நான் அந்தச் சொல்லோட ஊரச் சுத்திட்டு வரேன்."

தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் அவனைப் பக்கவாதம் அடித்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. தண்ணீர் என்றுகூடச் சொல்ல வரவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு எதையோ கேட்டு உறுமுவான். யாருக்கும் புரியாது.

"சாகணும்னு முடிவு பண்ணிட்டாருண்ணே," என்றாள் அவன் மனைவி லாம்துவன். "ரோய்-எட் ஊர்ல எங்கம்மா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன். நாளைக்கு பஸ்."

வழியனுப்ப வந்த பிரசோட் ஆட்டப் பலகையையும் எழுத்துக் கட்டைகளையும் அவன் மடியில் வைத்தான். தோங்பாயின் இடது கை கட்டைகளைத் துழாவியது. ஐந்து கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கியது.

"உமியாக்!" பிரசோட் வாயைப் பிளந்தான். "சரியான சொல்லு அண்ணி! பதினாறு புள்ளி!"

"புள்ளி கிடக்கட்டும். என்ன கேக்கறாரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

தோங்பாய் என்னையே பார்த்தான். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தை ஒரு மழை நாளில் அவன் வாயால் கேட்டிருந்தேன். "பனி நாட்டுல தோல்ல செய்யற படகுண்ணே. பொம்பளைங்கதான் துடுப்பு போடுவாங்களாம்!" "அப்ப நாளைக்கு நீ உதட்டுச்சாயம் பூசிட்டு வாடா" என்று நானும் கத்தியிருந்தேன்.

"படகு," என்றேன். "படகுக்கு வரணுங்கறான்."

அவன் இடது கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

பெற்றவள் சொல்லிக் கொடுத்த பேச்சு அத்தனையும் போய்விட்டது. நாங்கள் கண்ணாலும் காணாத பனிக்கடல் மனிதர்களின் சொல் மட்டும் உள்ளே கிடந்து, அவனுக்காக எழுந்து வந்திருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்றவன் நான், இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. புத்தர் முன்னால் உட்காருவதுபோல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை நாலு பேராகத் தூக்கி அவனைப் படகின் ஓர இருக்கையில் வைத்தோம். எதிர்ப்படகு அலையடித்துக்கொண்டு வந்தது. எல்லோரும் தண்ணீருக்குப் பயந்து படகோரப் படுதாவை மேலே இழுத்தார்கள். தோங்பாய் இடது கையால் அதைக் கீழே அமுக்கினான். கால்வாய்த் தண்ணீர் மொத்தமும் உள்ளே வந்தது.

"யோவ், ஆபீஸ் போற சட்டைய்யா!" என்று ஒருத்தி அலறினாள்.

முகத்தில் நீர் வழிய அவன் சிரித்தான். லாம்துவன் முந்திக்கொண்டு கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்தாள். வாயைத் திறந்தான்.

"பஸ்சு?" என்று சுக்கானிலிருந்து கேட்டேன்.

"எங்கம்மா ஊர்ல ஏதுண்ணே கால்வாய்? நீங்க ஓட்டுங்க."